ரப்பர் சோறு

முதல் வாரமே மேசைமேல் கொட்டினார்கள்
ஒரு பெட்டி நிறைய
ரப்பரில் செய்த சாப்பாடு.
பொரித்த கெம்போங் மீன் ஒன்று,
கங்கோங் ஒரு கரண்டி,
கட்டி கட்டியாய் வெள்ளைச் சோறு.
கை தவறி ஒன்று விழுந்தது,
துள்ளித் துள்ளி நாற்காலிக்கு அடியில் போனது.

"இதுதான் ஒரு கப். கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள்"
என்றார் புவான் ரொஹாய்சா.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்களுக்கு ரப்பர்தான் சோறு போட்டது என்பதை
இவ்வளவு நேராக
யாரும் தட்டில் வைத்ததில்லை.
ஏன் சிரிக்கிறாய் என்றாள் ஹஸ்லிண்டா.
மலாயில் சொல்லிப் பார்த்தேன்,
பாதி வழியில் நின்றுவிட்டது.

பிறகு ஒருவரை ஒருவர் கேட்டு எழுதும் பயிற்சி.
நேற்று எழுந்ததிலிருந்து
இன்று எழும்வரை
வாய்க்குள் போனதெல்லாம்.
காலையில்?
ஓட்ஸ் என்றேன்.
பத்து மணிக்கு?
ஆப்பிள்.
எவ்வளவு பெரிசு?
மூடிய கையைக் காட்டினேன்.
கணினி கூட்டிப் பார்த்து
ஆயிரத்து எழுநூற்று நாற்பது என்றது.
"துர்காஷினி, எல்லோரும் உன்னைப்போல் சாப்பிட்டால்
நமக்கு வேலையே இருக்காது."
வகுப்பு கைதட்டியது.
வயிற்றில் நேற்றிரவு மேகி மீ
எழுந்து உட்கார்ந்தது.

மூன்றாம் பருவத்தில் நிஜ ஆட்கள்.
எனக்கு விழுந்தது எங்கள் பாடாங் செராயிலேயே,
ஆலை ரோட்டு மலிவு வீடு.
காயப்போட்ட துணியிலெல்லாம்
செம்பனை எண்ணெய் ஆவி.
பரிபூரணம், வயது நாற்பத்தாறு,
உதிரிப்பழம் பொறுக்கும் வேலை,
கோணிக்கு இவ்வளவு என்று கூலி.
இனிப்புநீர் ஏழு வருசமாக.

முகம் கழுவி, பொட்டு வைத்து,
வேலை கேட்டு வந்தவர்போல் உட்கார்ந்தார்.
காலையில் என்ன சாப்பிட்டீங்க?
"ஓட்ஸ்."
என் பேனா நின்றது.
பத்து மணிக்கு?
அவர் கண் என் தலைக்கு மேலே போனது.
திரும்பிப் பார்த்தேன்.
கிளினிக் கொடுத்த நாள்காட்டி,
கிளாஸில் பால், கேரட்,
பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம்.
"ஆப்பிள்."

பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு,
பரீட்சையில் நான்கு மதிப்பெண்.
கேட்பவர் முகத்தில் எதையும் காட்டக்கூடாது
என்பதற்கு இன்னும் இரண்டு.
நான் காட்டிவிட்டேன்போல.

ஃப்ரிட்ஜ் மேல் 555 கடன் நோட்டு.
எங்கள் வீட்டிலும் அதே இடம்,
அதே ரப்பர் பேண்ட்.
புரட்ட வேண்டியதில்லை.
முட்டை ஐந்து, சாடின் ஒன்று,
டின் பால் இரண்டு, மேகி ஒரு கட்டு.
மாதக் கடைசியில் கடைக்காரர் எழுத்து சிறுத்துப்போகும்.
என் படிவம் கேட்பது மொத்தமும்
அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது.

"அக்கா, முதல் வாரம் நானும்
இதே ஆப்பிளைத்தான் சொன்னேன்."
என்னைப் பார்த்தார்.
படிவத்தைப் பார்த்தார்.
"அப்ப உனக்கு எத்தனை மார்க்?"
தொண்ணூற்றிரண்டு.
சிரிப்பு அவருக்குத்தான் முதலில் வந்தது.

"எழுது.
அஞ்சு மணிக்கு தே-ஓ, சீனி மூணு கரண்டி.
பத்துக்கு, மரத்தடியில,
பழைய சோறும் நெத்திலி சம்பாலும்.
மத்தியானம் இல்ல.
இல்லன்னா அதையும் எழுது, கட்டத்த சும்மா விடாதே.
ராத்திரி..."
குரலே மாறிவிட்டது.
"ராத்திரி மகன் சம்பளம். நாசி கண்டார்.
எலும்பக் கூட விடல."

பையிலிருந்து ரப்பர் சோற்றை எடுத்தேன்.
எத்தனை கப், காட்டுங்க.
அமுக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.
"ஒட்டுப்பால் நாத்தமே இல்லியே" என்றார்.
தட்டை எடுத்து வந்து
ஒன்று வைத்தார், இன்னொன்று,
நிதானமாக இன்னொன்று.
நான் கொண்டுபோன நான்கும் முடிந்தது.
தட்டில் இன்னும் இடம் இருந்தது.

"வேற இல்லியா?"

"இவ்வளவுதான்க்கா குடுத்தாங்க
கல்லூரியில."